யார் எடுத்த துணி?

(ஒரு மகளிர் கல்லூரியின் காட்சித் தொடர்பியல் துறை மாணவியரிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கடைசி வரிசையில் போனை மேசைக்கடியில் வைத்து ஆடிக்கொண்டிருக்கும் தங்கைகளே, பயப்பட வேண்டாம். இன்றைய பேச்சே உங்கள் கையில் இருக்கும் அந்த ஆட்டத்தைப் பற்றித்தான்.

என் தங்கை மகளுக்குப் பதினைந்து வயது. கோடை விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது போனில் ஒரு துப்பாக்கிச் சண்டை ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தாள். நான்கு பேர் ஒரு ஸ்குவாட். ஆட்டம் தொடங்குவதற்கு முன் லாபியில் அவளுடைய கேரக்டர் நின்றது: தாடி வைத்த தடித்த ஆள் ஒருவன். "ஏண்டி, பொம்பளை கேரக்டரே இல்லையா இதுல?" என்று கேட்டேன். "இருக்கே" என்று விரலால் தள்ளித் தள்ளிக் காட்டினாள். ஒருத்திக்கு இடுப்பு இருக்க வேண்டிய இடத்தில் காற்றுதான் இருந்தது. இன்னொருத்தி போர்க்களத்துக்கு நீச்சலுடையில் வந்திருந்தாள். "இதுல ஒண்ணைப் போட்டுக்கிட்டு உள்ள போனா, நான் எப்படிச் சுடறேன்னு எவனும் பார்க்க மாட்டான் பெரியம்மா. மைக்கை ஆன் பண்ணு, மைக்கை ஆன் பண்ணுன்னுதான் கேட்பானுங்க" என்றாள். சொல்லிவிட்டுத் தாடிக்காரனோடு கிளம்பிப் போய்விட்டாள். மைக் அணைந்தே இருந்தது.

அழவும் இல்லை, புகார் சொல்லவும் இல்லை. வெயிலுக்குக் குடை எடுத்துப் போவது போலத் தாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். எனக்குத்தான் அது தொண்டையில் சிக்கிக்கொண்டது.

இந்தப் பொருளைப் பற்றி இப்படி நிம்மதியாக நின்று பேச எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. வீடியோ கேம்களில் பெண்கள் எப்படிக் காட்டப்படுகிறார்கள் என்று 2012 முதல் தொடர்ந்து அலசிவந்தவர் அனிட்டா சர்கீசியன். 2014 அக்டோபரில் அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் அவர் பேசுவதாக இருந்தது. கூட்டத்தில் புகுந்து சுட்டுத் தள்ளுவேன் என்று மின்னஞ்சல் வந்தது. உரிமம் உள்ளவர் துப்பாக்கியோடு அரங்குக்குள் வருவதை அந்த மாநிலச் சட்டப்படி தடுக்க முடியாது என்று தெரிந்ததும் அவர் உரையை ரத்து செய்தார். ஒரு பொம்மையின் சட்டையைப் பற்றிப் பேசியதற்கு இவ்வளவு கோபம். ஆகவே இது வெறும் சட்டை விஷயம் இல்லை.

பேசும் முன் தரையைக் கொஞ்சம் பெருக்கிவிடுகிறேன். நம் ஊரில் இந்தப் பேச்சை எடுத்தாலே இரண்டு பேர் எழுந்து வருவார்கள். ஒருவர், "அதானே, பெண் என்றால் அடக்கமாக உடுத்த வேண்டாமா?" என்பார். மற்றவர், "உடுத்துவது அவள் உரிமை, நீ யார் கேட்க?" என்பார். இருவருமே ஒன்றை மறந்துவிடுகிறார்கள். திரையில் இருப்பவள் காலையில் எழுந்து அலமாரியைத் திறந்து இன்றைக்கு எதைப் போடலாம் என்று யோசித்தவள் இல்லை. அவளுக்கு அலமாரியே கிடையாது. அவளுடைய துணியை வேறு யாரோ எடுத்தார்கள். தீபாவளிக்கு வீட்டில் துணி எடுத்து வருவார்களே, அந்த அர்த்தத்தில்தான் 'எடுத்தார்கள்' என்கிறேன். உயிருள்ள பெண் என்ன உடுத்தலாம் என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. இந்தத் துணியை எடுத்தது யார், எந்தக் கடையில், யார் கண்ணுக்காக? நான் கேட்க வந்தது இவ்வளவுதான்.

ஓர் உதாரணத்தை அருகில் வைத்துப் பார்ப்போம். ரயட் கேம்ஸ் நிறுவனம் 2009இல் வெளியிட்ட லீக் ஆஃப் லெஜண்ட்ஸ், உலகத்தில் அதிகம் பேர் ஆடும் இணைய ஆட்டங்களில் ஒன்று. அதன் கதையில் பில்ஜ்வாட்டர் என்று ஒரு கடற்கொள்ளையர் துறைமுகம் வரும். அந்த ஊரில் கேங்பிளாங்க் என்று ஒரு கொள்ளைத் தலைவன்: நீண்ட கோட்டு, பூட்ஸ், அடர்ந்த தாடி. அதே ஊரில் மிஸ் ஃபார்ச்சூன் என்று ஒருத்தி. அவளுடைய அம்மாவைக் கொன்றவன் அவன். வளர்ந்து, கப்பல் தலைவியாகி, அவன் கப்பலையே வெடிவைத்துத் தகர்க்கிறாள். கதை என்று பார்த்தால் அவள் கதைதான் கனமானது. இரண்டு கையிலும் துப்பாக்கி. ஆனால் மார்புக்கு மேலும் திறப்பு, வயிற்றிலும் திறப்பு. ஊர் ஒன்று, தொழில் ஒன்று, முகத்தில் அடிக்கும் உப்புக்காற்றும் ஒன்று. அவனுக்கு மட்டும் குளிர்கிறது.

அந்த ஆட்டத்தின் ஆண் வரிசையைப் பாருங்கள். தொப்பைக்காரன் உண்டு, கிழவன் உண்டு, குரங்கு உண்டு, நடக்கும் மரம் உண்டு, எலும்புக்கூடு உண்டு. பெண் வரிசையில் நெடுங்காலம் பெரும்பாலும் ஒரே உடல், முடியின் நிறம் மட்டும் வேறு வேறு. ரெக்சாய் என்ற பெண் மிருகம் 2014 டிசம்பரில் வந்தது. இல்லாவோய் என்ற தோள் அகன்ற பூசாரிப் பெண் 2015இல் வந்தாள். ஐந்தாறு ஆண்டுகள் ஆயின. துணியைப் பற்றி மட்டும் பேசினால் இது தப்பிப்போகும். ஆணுக்கு எந்த உடலும் வாய்க்கலாம், பெண்ணுக்கு ஓர் உடல்தான். குறை அந்த அளவுகோலில் இருக்கிறது.

ஏன் இப்படி? "படைப்பவர்கள் ஆண்கள், அவர்கள் புத்தி அப்படி" என்று சொல்லி முடித்துவிடலாம். அது பாதி உண்மை. மீதியைப் பார்க்கக் கல்லாப்பெட்டிப் பக்கம் போக வேண்டும்.

இந்த ஆட்டங்களில் பல இலவசம். இறக்கிக்கொள்ளலாம், நாள் முழுக்க ஆடலாம், ஒரு பைசா வேண்டாம். பிறகு கம்பெனி எப்படிப் பிழைக்கிறது? உங்களுக்குத் தெரியும்: ஸ்கின், பண்டில், டைமண்ட், டாப்-அப். அதாவது கேரக்டருக்கான உடை. சுட்டுக் கொல்லும் ஆட்டம் என்று நாம் நினைப்பது, வரவு செலவுக் கணக்கில் பார்த்தால் ஒரு துணிக்கடை. ரங்கநாதன் தெருவில் வாசலில் பொம்மை நிறுத்திச் சேலை கட்டிவைப்பார்களே, அந்தப் பொம்மைதான் நம் வீராங்கனை. சண்டை என்பது கடைக்குள் கூட்டத்தைப் பிடித்துவைக்கும் ஏற்பாடு.

அடுத்து கேமரா. பல ஆட்டங்களில் கேமரா நம் கேரக்டரின் முதுகுக்குப் பின்னால் நிற்கிறது. அவள் முகத்தை ஆடுபவர் பார்ப்பது லாபியில்தான். மற்ற நேரமெல்லாம் பின்புறம். அவள் ஓடினாலும் ஏறினாலும் பதுங்கினாலும் அதே கோணம். ஆகவே வரைபவர் எதில் அதிகம் உழைப்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது அசைவு. முப்பரிமாண உருவத்துக்குள் எலும்புக்கூடு மாதிரி ஒரு கட்டமைப்பு இருக்கும். கை அசைய அங்கே ஓர் எலும்பு, முழங்கால் மடங்க அங்கே ஒன்று. உடலின் குறிப்பிட்ட பாகம் துள்ள வேண்டுமானால் அதற்கென்று தனியாக எலும்பு பொருத்தி, எத்தனை வேகம், எத்தனை தளர்ச்சி என்று யாரோ உட்கார்ந்து எண் கொடுக்க வேண்டும். 2018 செப்டம்பரில் ஃபோர்ட்நைட் ஆட்டத்தில் கலாமிட்டி என்ற பெண் உருவத்துக்கு இப்படி ஒரு துள்ளல் வந்தது. ஆட்டக்காரர்கள் படம்பிடித்துப் போட்டதும் அதைத் தயாரித்த எபிக் நிறுவனம், இது நாங்கள் வேண்டுமென்று செய்ததில்லை, கவனக்குறைவு என்று வருந்தி நீக்கியது. இருக்கலாம். ஆனால் கவனக்குறைவால் துணி நழுவும், எலும்பு முளைக்காது.

இப்போது ஒரு நல்ல புகாரைப் பற்றிச் சொல்கிறேன். நல்ல புகார் எப்படி இருக்கும் என்பதற்கு நான் வழக்கமாகக் காட்டும் உதாரணம் இது. 2016 மே மாதம் வெளியான ஓவர்வாட்ச் ஆட்டத்தில் டிரேசர் என்று ஒரு பெண். துறுதுறுவென்று ஓடுபவள், காலத்தில் முன்னும் பின்னும் தாவுபவள், வாயாடி, நல்ல தோழி. ஆட்டம் வெளிவரும் முன், மார்ச் மாதம், சோதனைப் பதிப்பை ஆடிய ஒருவர் அந்த ஆட்டத்தைத் தயாரித்த பிலிஸார்டின் இணைய மன்றத்தில் எழுதினார். வெற்றி பெற்றதும் டிரேசர் நிற்கும் நிலைகளில் ஒன்று, முதுகைக் காட்டி, பிட்டத்தைத் தூக்கி, தோளுக்கு மேல் திரும்பிப் பார்ப்பது. தன் சின்ன மகளுக்கும் டிரேசரைத் தெரியும் என்று சொன்ன அவர், ஆபாசம் என்று கூச்சல் போடவில்லை. அதே ஆட்டத்தில் விடோமேக்கர் என்று மயக்கிக் கொல்லும் பாத்திரம் இருக்கிறது. அவள் அப்படி நின்றால் பொருந்தும் என்று அவரே சொன்னார். இந்த நிலைக்கும் டிரேசரின் குணத்துக்கும் என்ன சம்பந்தம் என்பதுதான் அவர் கேள்வி. இயக்குநர் ஜெஃப் கப்லான் அதை ஏற்றுக்கொண்டார். உடனே எதிர்த்தரப்பு கொதித்தது, தணிக்கை என்றார்கள். எங்களுக்கே அதில் முழுத் திருப்தி இருந்ததில்லை, வேறொன்று தயாராகிக்கொண்டிருந்தது என்று கப்லான் விளக்கினார். ஏப்ரலில் புதிய நிலை வந்தது. கூர்ந்து பார்த்தவர்கள் சிரித்தார்கள். அந்தக் காலத்து அமெரிக்கக் கவர்ச்சிப் பட ஓவியம் ஒன்றின் சாயல் அதில் இருந்தது! ஆனால் விளையாட்டுத்தனமும் துள்ளலும் இருந்ததால் டிரேசருக்கு ஒட்டியது.

அந்தப் புகாரை எழுதியவர் டிரேசர் எவ்வளவு மூடியிருக்கிறாள் என்று அளக்கவில்லை. அவள் அவளாக இருக்கிறாளா என்று பார்த்தார். அடக்க ஒடுக்கம் போதிப்பவருக்கும் விமர்சகருக்கும் வித்தியாசம் இதுதான்.

இங்கே யாராவது எழுந்து, "நம் கோயில் சிற்பங்கள் மட்டும் என்னவாம்?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்வி. சோழர் காலச் செப்புத் திருமேனியில் அம்மனுக்கு மேலாடை கிடையாது. பக்கத்தில் நிற்கும் சிவனுக்கும் கிடையாது. இருவருக்கும் ஒரே சட்டம். அவளும் தன் பாட்டில் நிற்கிறாள். நாம் பார்க்கிறோமா என்று தோளுக்கு மேல் திரும்பிப் பார்ப்பதில்லை.

நமக்கு நெருங்கிய உறவு சிற்பத்தில் இல்லை, சினிமாவில் இருக்கிறது. எண்பதுகளில் சில்க் ஸ்மிதாவின் ஒரு பாட்டு இருந்தால் ஏரியா விற்றுவிடும் என்ற காலம் இருந்தது. கதைக்கும் அந்தப் பாட்டுக்கும் சம்பந்தம் இருக்காது. கதாநாயகன் ஏதோ வேலையாக ஒரு விடுதிக்குள் நுழைவான், பாட்டு வரும், வெளியே வந்ததும் கதை தொடரும். நடித்தவரின் திறமை வேறு, அதை வைத்து நடந்த வியாபாரம் வேறு. ஸ்கின் கடையும் அந்த விடுதிப் பாட்டின் பேரன்தான். தாத்தா மூன்று நிமிடத்தில் முடிந்துவிடுவார். பேரன் ஆட்டம் முழுக்கக் கூடவே வருகிறான்.

"சரி, இதனால் என்ன கெட்டுப்போகிறது?" என்றால், இங்கே நேர்மையாக இருக்க வேண்டும். ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. அமெரிக்க ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட சோதனையில் 86 பெண்கள் மெய்நிகர் கருவியை மாட்டிக்கொண்டு திரை உருவத்துக்குள் புகுந்தார்கள். கவர்ச்சி உடை உருவத்தில் இருந்தவர்களுக்குத் தங்கள் உடலைப் பற்றிய எண்ணம் அதிகமாக ஓடியது. அந்த உருவத்துக்கு அவர்களுடைய சொந்த முகத்தையே ஒட்டியபோது, வன்கொடுமைக்குப் பெண்ணே காரணம் என்ற வகைக் கருத்துகளை ஏற்கும் போக்குக்கூடக் கூடியிருந்தது. மறுபக்கம், ஜெர்மனியில் 824 பேரை மூன்றாண்டுகள் தொடர்ந்து கவனித்து 2015இல் வெளியான ஆய்வு, வீடியோ கேம் ஆடுவதற்கும் பெண்களைத் தாழ்வாக எண்ணுவதற்கும் தொடர்பு காணவில்லை. இரண்டில் நமக்குப் பிடித்ததை மட்டும் எடுத்துக்கொண்டு மேடையேறக் கூடாது.

அதனால்தான் என் வழக்கை நான் ஆய்வகத்தில் கொண்டுபோய் நிறுத்தவில்லை. ஒருவன் இந்த ஆட்டத்தால் கெட்டானா என்பதை ஆய்வாளர்கள் பார்த்துக்கொள்ளட்டும். ஒரு சிறுமி தாடி மாட்டிக்கொண்டால்தான் நிம்மதியாக ஆட முடிகிறது என்பதற்கு ஆய்வு வேண்டாம், கண் போதும்.

ஒரு நல்ல சேதியும் உண்டு. முப்பத்தோரு ஆண்டு ஆட்டங்களிலிருந்து 571 பெண் பாத்திரங்களை எடுத்து அலசிய ஓர் ஆய்வு 2016இல் வந்தது. கவர்ச்சிச் சித்திரிப்பு தொண்ணூறுகளில் ஏறி, 2006க்குப் பிறகு இறங்கியிருக்கிறது. ஆனால் கதாநாயகியைவிடத் துணைப்பாத்திரங்களுக்கே அது அதிகம். வீட்டுக்கு மூத்தவளுக்கு நல்ல துணி எடுத்தாயிற்று. இளையவர்களுக்கு இன்னும் மிச்சத் துணிதான்.

இனி, துணி எடுப்பவர்கள் உட்காரும் அறைக்குள் போவோம். ரயட் நிறுவனத்தில் பெண் ஊழியர்கள் பாகுபாட்டையும் துன்புறுத்தலையும் எதிர்த்து 2018இல் வழக்குத் தொடுத்தார்கள். 2021 டிசம்பரில் 10 கோடி டாலருக்குச் சமரச ஒப்பந்தம் ஆனது. அதே 2021 ஜூலையில் ஆக்டிவிஷன் பிலிஸார்டு மீது கலிஃபோர்னியா அரசுத் துறை பெண் ஊழியர்களை நடத்திய விதத்துக்காக வழக்குப் போட்டது. அந்த நிறுவனத்தின் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஆட்டத்தில் சாய்ந்து படுத்திருக்கும் ஒரு பெண்ணின் ஓவியம் சுவரில் தொங்கும். வழக்கு வந்த இரண்டாம் மாதம் அந்த ஓவியம் மாறியது. என்னவாகத் தெரியுமா? பழத்தட்டாக. ஆம், பழங்கள் நிறைந்த ஒரு தட்டு! வழக்கோ அலுவலகத்தில் சம்பளம், பதவி உயர்வு, மரியாதை பற்றியது. யாரும் அந்த ஓவியத்தின் மேல் வழக்குப் போடவில்லை. பெண்ணை மூடிவிட்டால் போதும் என்று நினைப்பவர்களிடம் நான் சொல்வது: நீங்கள் கேட்பது நியாயத்தை அல்ல, பழத்தட்டை.

கொரியாவில் நடந்ததைக் கேளுங்கள். 2016 ஜூலையில், நெக்சான் நிறுவனத்தின் குளோசர்ஸ் என்ற இணைய ஆட்டத்தில் ஒரு பெண் பாத்திரத்துக்குக் குரல் கொடுத்த கலைஞர் ஒரு டி-ஷர்ட் போட்டுப் படம் வெளியிட்டார். பெண்களுக்கு இளவரசன் தேவையில்லை என்ற பொருளில் அதில் ஆங்கிலத்தில் ஒரு வரி. பெண்ணியக் குழு ஒன்றுக்கு நிதி சேர்க்க விற்ற சட்டை அது. ஆட்டக்காரர்களில் ஒரு கூட்டம் பொங்கியது. நிறுவனம் அவர் குரலை ஆட்டத்திலிருந்தே எடுத்துவிட்டது. இன்று நான் சொன்ன கதைகளில் எல்லாம் ஒரு பெண் தானே எடுத்துப் போட்டுக்கொண்ட துணி இந்த ஒன்றுதான். கழுத்துவரை மூடிய துணி. அதைத்தான் தாங்க முடியவில்லை.

மாற்றம் எங்கிருந்து வரும்? எனக்கு வியப்பளித்த ஒரு விஷயம் சொல்கிறேன். மிஸ் ஃபார்ச்சூனை வரைந்த அதே ரயட் 2020இல் வேலரன்ட் என்ற ஆட்டத்தை வெளியிட்டது. அதில் கில்ஜாய் என்று ஒரு ஜெர்மானியப் பொறியாளர் பெண்: மஞ்சள் ஜாக்கெட், கம்பளித் தொப்பி, மூக்குக்கண்ணாடி. காலேஜ் பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருப்பவள் மாதிரி. நிறுவனத்துக்கு ஞானோதயம் வந்துவிட்டதா? கொஞ்சம் வந்திருக்கலாம். ஆனால் கல்லாப்பெட்டியைப் பாருங்கள். வேலரன்ட் வெளியானபோது கேரக்டருக்கு ஸ்கின் விற்கவில்லை, துப்பாக்கிக்குத்தான் விற்றார்கள். கேமராவும் கண்ணுக்குள் இருக்கிறது. ஆடுபவருக்கு எப்போதும் தெரிவது கையும் துப்பாக்கியும். கடை உடலைவிட்டு ஆயுதத்துக்கு இடம் மாறியதும் அந்தப் பெண்ணுக்கு ஒரு ஜாக்கெட் கிடைத்துவிட்டது! இது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். 2019 பிப்ரவரியில் வந்த ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் கேரக்டர் ஸ்கின் விற்கும் ஆட்டம்தான். அதன் பெண்கள் பெரும்பாலும் போருக்குப் போகிற மாதிரிதான் உடுத்தியிருந்தார்கள். முதல் வாரத்திலேயே இரண்டரைக் கோடிப் பேர் ஆடினார்கள். மூடினால் வியாபாரம் படுத்துவிடும் என்பவர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

நம் ஊருக்கு வருகிறேன். 2021 ஜூனில் யூடியூபில் பப்ஜி ஆடிக்கொண்டே பெண்களை ஆபாசமாக ஏசிவந்த ஒருவரைச் சென்னைக் காவல்துறை தருமபுரியில் கைது செய்தது. அவரை ரசித்துப் பின்தொடர்ந்தவர்கள் லட்சக்கணக்கில், பலர் பள்ளிப் பையன்கள். பொம்மையின் இடுப்புத்தான் அந்த நாக்குக்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பையன் ஆட்டத்துக்குள் பார்க்கும் பெண் விற்பனைப் பொருளாகவே நிற்கும்போது, நிஜப் பெண் குரல் ஒன்று மைக்கில் வந்தால் அதற்கும் விலை கேட்கத் தோன்றுகிறது. என் தங்கை மகள் மைக்கை அணைத்துவைத்த காரணம் அதுதான்.

மாணவியரே, உங்களில் சிலர் நாளைக்கு அனிமேஷன் கூடத்திலோ கேம் ஸ்டூடியோவிலோ போய் உட்காருவீர்கள். மேலே இருப்பவர் உங்கள் படத்தைப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் அட்ராக்டிவா பண்ணும்மா" என்பார். அப்போது கோபப்பட வேண்டாம், கொள்கை பேசவும் வேண்டாம். தொழில்காரியாக ஒரு கேள்வி கேளுங்கள்: "சார், இவளுக்கு என்ன வேலை? அந்த வேலைக்கு இந்தத் துணி எதுக்கு?" அவள் மயக்குபவளாக இருந்தால் மயக்கட்டும். மாலுமியாக இருந்தால் அவளுக்கும் குளிரட்டும்.

முடிக்கும் முன் ஒன்று. விடுமுறை முடிவதற்குள் என் தங்கை மகளிடம் ஒரு நோட்டையும் பென்சிலையும் கொடுத்து, "உனக்குப் பிடிச்ச மாதிரி ஒருத்தியை நீயே வரைடி" என்றேன். நான் மனதுக்குள் கவசம், கேடயம், வாள் என்று ஏதேதோ எதிர்பார்த்தேன். அவள் கால்சட்டையிலிருந்து ஆரம்பித்தாள். இரண்டு பக்கமும் பெரிது பெரிதாகப் பாக்கெட் போட்டாள். சட்டையில் இரண்டு, முதுகில் ஒரு பை.

"எதுக்குடி இத்தனை?" என்றேன்.

"தோட்டாவை எங்க பெரியம்மா வைக்கிறது?" என்றாள்.